மண்டோர் இல்லாத நிரை



கல்லூரியில் பாடம் சொல்லிக் கொடுப்பவர்களைப் பற்றி நம் தோட்டப்புறங்களில் ஓர் எண்ணம் உண்டு. விடியற்காலைப் பிரட்டு இல்லை. மழை பெய்தால் சம்பளம் போகாது. வெளுத்த சட்டை, ஒரு மணி நேரப் பேச்சு, மாதம் முடிந்தால் கை நிறைய வெள்ளி. இருபத்தெட்டு ஆண்டுகள் அந்த வேலையைப் பார்த்தவன் நான். இந்த எண்ணம் முழுப் பொய் என்று சொல்லமாட்டேன்.

1980-ஆம் ஆண்டு ஒரு சிறு பட்டணத்துத் தனியார் கல்லூரியில் எனக்கு வரலாற்று விரிவுரையாளர் வேலை கிடைத்தது. ஊர் எது, கல்லூரி எது என்று சொல்லப் போவதில்லை. காரணம் போகப்போக உங்களுக்கே விளங்கும். முதல் மாதச் சம்பளத்தோடு அப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். அவர் லயத்து வாசலில் குந்தியபடி உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"தம்பி, அங்கே உங்களுக்கு மண்டோர் யாரு?"

"மண்டோரெல்லாம் இல்லேப்பா. கதவைச் சாத்திட்டா உள்ளே நான்தான்."

"என்னா சொல்லிக் குடுக்கிறேன்னு யாரும் வந்து பாக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"மார்க்கு?"

"அதுவும் நான் போடுறதுதான்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்பாவின் வேலையை நீங்கள் அறிவீர்கள். அவர் சீவிய மரத்தை மண்டோர் வந்து பார்ப்பார். பட்டை கூடிப் போனதா, உளி ஆழம் போய் மரத்தில் காயம் பட்டதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். காயம் கண்டால் ஏச்சு. நாற்பது ஆண்டுகள் அப்படி ஏச்சு வாங்கியவருடைய மகனுக்கு மண்டோரே இல்லை!

அப்பா உளியைக் கட்டை விரலில் வைத்துக் கூர் பார்த்தார். "மண்டோர் பாக்காத நிரையிலதான் மரத்துக்குக் காயம் அதிகம்" என்றார். எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார்.

அப்பா பேசிய அந்த விஷயத்துக்குப் படித்தவர்கள் 'கல்விச் சுதந்திரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கல்லூரி ஆசிரியர் தாம் கற்ற துறையில் உண்மை என்று கண்டதைச் சொல்லிக் கொடுக்கலாம். ஆராய்ந்ததை எழுதி வெளியிடலாம். நாட்டு நடப்பைப் பற்றி எல்லாக் குடிமக்களையும் போலக் கருத்துச் சொல்லலாம். மாணவன் எழுதியதைப் பார்த்து, எழுதியதற்குத் தக்க மதிப்பெண் போடலாம். இதில் மேலே இருப்பவர்கள் கை வைக்கக் கூடாது. 1997-இல் யுனெஸ்கோ சபை உயர்கல்வி ஆசிரியர்களுக்கென்று ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது. அதில் உரிமைகளைச் சொன்ன கையோடு கடமைகளையும் சொல்லியிருக்கிறார்கள்: மாணவரை ஒரே கண்ணோடு பார்க்க வேண்டும், உண்மையைத் தேடுவதில் நேர்மை வேண்டும் என்றெல்லாம். காகிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது.

பால்மரக் காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். இருக்கிறது. ரவீந்திர ஜெயின் என்ற ஆய்வாளர் 1960-களின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டம் ஒன்றில் தங்கி, நம் மக்கள் எப்படி வாழ்கிறார்கள், கங்காணி யார், கிராணி யார், துரையின் அதிகாரம் எது வரை போகிறது என்றெல்லாம் கேட்டு எழுதினார். 1970-இல் அது புத்தகமாக வந்தது. அதில் அந்தத் தோட்டத்தின் உண்மைப் பெயர் இல்லை. 'பால் மெலாயு' என்று ஒரு மாற்றுப் பெயர்தான் இருக்கிறது. எண்ணிப் பாருங்கள். துரையைப் பற்றி வாய் திறந்து பேசிய ஒரு மரம் வெட்டுகிறவரின் தோட்டப் பெயர் அச்சில் ஏறிவிட்டால் அவர் கதி என்ன? எழுதுவது அவர் சுதந்திரம். பேசியவர்களை மறைத்து வைத்தது அவர் பொறுப்பு. நம் பாட்டன் பாட்டிமார் வாழ்க்கை வெறும் வாய்ப்பேச்சாகப் போகாமல் எழுத்தில் நிற்கிறதென்றால், இப்படிச் சிலர் சுதந்திரமாக எழுத முடிந்ததும் ஒரு காரணம்.

அந்தச் சுதந்திரம் இங்கே யாருக்கும் சும்மா கிடைத்ததில்லை.

சிங்கப்பூரில் 1960-ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். டி.ஜே. என்ரைட் என்ற ஆங்கிலக் கவிஞர் அங்கிருந்த மலாயாப் பல்கலைக் கழகத்துக்கு ஆங்கிலப் பேராசிரியராக வந்தார். நவம்பர் 17-ஆம் நாள் அவருடைய தொடக்கப் பேருரை. பேச்சின் பொருள் ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர். அப்போதைய அரசாங்கம் 'மஞ்சள் பண்பாட்டை' ஒழிக்கிறோம் என்று காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டிகளைக்கூடத் தடை செய்திருந்தது. பண்பாடு என்பது அரசாங்கம் மேலிருந்து கட்டிக் கொடுக்கிற வீடல்ல, அதை மக்களே தங்கள் போக்கில் வளர்த்துக் கொள்ளட்டும் என்ற கருத்தில் என்ரைட் ஆரம்பத்தில் சில வார்த்தை சொன்னார். மறுநாள் பத்திரிகையில் ராபர்ட் கிரேவ்ஸைக் காணோம். அந்தச் சில வார்த்தைகள்தாம் கொட்டை எழுத்தில்! பேராசிரியரை அழைத்துக் கண்டித்தார்கள். வெளிநாட்டவர் உள்நாட்டு விவகாரத்தில் தலையிட்டால் வேலை அனுமதிக்கே ஆபத்து என்று எச்சரித்தார்கள். மாணவர்கள் கூட்டம் கூட்டிக் கண்டனம் தெரிவித்தார்கள். விவகாரம் ஒருவாறு ஆறியது. என்ரைட் 1970 வரை அங்கேயே பணியாற்றினார். 1969-இல் தம் நினைவுகளை எழுதியபோது, தம்மைப் 'பிச்சையெடுக்கும் பேராசிரியர்' என்றே தலைப்பில் குறிப்பிட்டுக் கொண்டார். குறும்புக்காரர்தாம்!

எனக்கு அவர் மேல் முழுச் சம்மதம் என்று சொல்ல வரவில்லை. வந்த வருஷமே விருந்தாளி வீட்டுச் சமையலைக் குறை சொல்லலாமா என்று தோன்றத்தான் செய்கிறது. ஆனாலும், பிடிக்காத வார்த்தை சொன்ன வாத்தியாருக்குப் பதில் வார்த்தைதானே நியாயம்? வயிற்றில் கை வைப்பது நியாயமாகுமா?

இன்னொன்று நான் கண்ணெதிரே கண்டது. 1974-இல் ரப்பர் விலை விழுந்தது. உங்களில் வயதானவர்களுக்கு நினைவிருக்கும். ரப்பர் விலையோடுதான் நம் சம்பளமும் ஏறி இறங்கியது. கெடா மாநிலத்துப் பாலிங்கில் சிறு தோட்டக்காரர்கள் வயிற்றுக்கு இல்லாமல் வீதிக்கு வந்தார்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூர் மாணவர்கள் டிசம்பர் 3-ஆம் நாள், இன்று மெர்டேக்கா சதுக்கம் என்று சொல்கிறோமே, அந்தப் பாடாங்கில் திரண்டார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிடிபட்டார்கள். நான் அப்போது மலாயாப் பல்கலைக் கழகத்தில் முதலாண்டு. நான் பாடாங்குக்குப் போகவில்லை. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தேன். எனக்குக் கட்டணம் கட்ட அம்மா தாலிக்கொடியை அடகு வைத்திருந்தார் என்று ஒரு காரணம் சொல்லலாம். பயம் என்றும் சொல்லலாம்.

அந்த மாதமே எங்கள் பல்கலைக் கழக ஆசிரியர் சையத் ஹுசின் அலியைப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். கிராமத்து ஏழை விவசாயிகள் ஏன் ஏழைகளாகவே இருக்கிறார்கள் என்று ஆராய்ந்தவர் அவர். விசாரணை இல்லை, தீர்ப்பில்லை. 1980-இல்தான் வெளியே வந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டு. பிற்காலத்தில் அந்தச் சிறை வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். 2024-இல் காலமானார்.

1971-இல் வந்த பல்கலைக் கழகச் சட்டத்தை, பாலிங் விவகாரத்துக்குப் பிறகு 1975-இல் இன்னும் இறுக்கிக் கட்டினார்கள். மாணவர்கள் கட்சியில் சேரக் கூடாது, கட்சிக்கு ஆதரவு காட்டக்கூடக் கூடாது என்று ஆயிற்று. அந்தக் கட்டு அவிழ முப்பது நாற்பது ஆண்டுகள் பிடித்தன. 2010-இல் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்கே போன தேசியப் பல்கலைக் கழக மாணவர் நால்வர் மேல் நடவடிக்கை வந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதி அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. பல்கலைக் கழகம் சிந்தனையாளரை உருவாக்க வேண்டிய இடம், இயந்திர மனிதரை அல்ல என்ற கருத்தை ஒரு நீதிபதி தம் தீர்ப்பிலேயே எழுதினார். 2012-இலும் 2018-இலும் நாடாளுமன்றம் சட்டத்தைத் தளர்த்தியது.

ஆசிரியர் பாடு வேறு. 2014-இல் மலாயாப் பல்கலைக் கழகச் சட்டத்துறை ஆசிரியர் அஸ்மி ஷாரோம், 2009-இல் பேராக் மாநில ஆட்சி கைமாறிய விவகாரத்தைப் பற்றித் தம் சட்டக் கருத்தைச் சொன்னார். சட்டம் படித்தவர் சட்டக் கருத்துச் சொல்லாமல் வேறென்ன சொல்வார்? அவர்மேல் தேச நிந்தனை வழக்குப் போட்டார்கள். தேச நிந்தனைச் சட்டமே செல்லாது என்று அவர் வாதாடிப் பார்த்தார். 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் செல்லும் என்றது. பிறகு 2016-இல் அரசாங்கமே வழக்கைக் கைவிட்டது. 2018-இல் அவரையே தேர்தல் ஆணையத்தின் துணைத் தலைவராக நியமித்தார்கள். காலம் எப்படியெல்லாம் புரள்கிறது பாருங்கள்!

இவர்களில் பழைய இருவரின் கதையை வகுப்பில் நான் உருக்கமாகச் சொல்லுவேன். என்ரைட்டின் ஜூக்பாக்ஸ் கதைக்குப் பிள்ளைகள் சிரிப்பார்கள். சையத் ஹுசின் அலி பெயரைச் சொல்லும்போது என் குரல் கம்மும். தேர்தல் வந்தால் ஒரு படி மேலே போய், எந்தக் கட்சி யோக்கியம், எது அயோக்கியம் என்று பாட நேரத்தில் பிரசங்கம் செய்வேன். அதுவும் சுதந்திரம் என்றுதான் நினைப்பு. அந்த ஆண்டு இரண்டு அத்தியாயம் முடிக்காமலே பிள்ளைகள் அரசாங்கத் தேர்வுக்குப் போனார்கள். என் அரசியல் ஞானத்துக்கு அவர்கள் மதிப்பெண்ணால் விலை கொடுத்தார்கள்.

அதைவிடப் பெரிய காயம் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே.

1987. எங்கள் கல்லூரியில் எஸ்.டி.பி.எம். வகுப்பு முதலாண்டு இறுதித் தேர்வில் முதல் இரண்டு இடம் பெறுகிறவர்களுக்கு அடுத்த ஆண்டு கட்டணம் கிடையாது. அரசாங்கப் பள்ளியில் ஆறாம் படிவத்துக்கு இடம் கிடைக்காத ஒரு தோட்டத்துப் பெண் பிள்ளை அவ்வாண்டு எங்களிடம் படித்தது. காலையில் அம்மாவோடு மங்கு துடைத்துப் பால் எடுக்கப் போய்விட்டு, குளித்துப் பஸ் ஏறி வரும். விரலிடுக்கில் ஒட்டுப்பால் கறுப்பு அப்பியிருக்கும். வரலாற்று விடைத்தாளை அப்படித் தெளிவாக எழுதிய பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. எல்லாப் பாடமும் கூட்டினால் இரண்டாம் இடம். அதற்கு ஆறு மதிப்பெண் பின்னால், மூன்றாம் இடத்தில், கல்லூரி நிர்வாகத்தில் இருந்த ஒருவரின் அண்ணன் மகன். அவனுக்கு நான் வரலாற்றில் போட்டது 58.

கல்லூரித் தலைவர் என்னைக் கூப்பிட்டார். அதட்டவில்லை. டீ வரவழைத்துக் கொடுத்தார். "என்ன சார், அந்தப் பையனுடைய பேப்பரைக் கொஞ்சம் தாராளமாகத் திரும்பப் பார்க்கக் கூடாதா? நன்றாக எழுதியிருக்கிறானாமே" என்றார். பிறகு என் மகளுக்கு எத்தனை மாதம் என்று விசாரித்தார். என் ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. டீயில் சர்க்கரை அதிகம்.

அன்று இரவு விடைத்தாளைத் திரும்பப் பார்த்தேன். வாசகர்களே, ஒரு கட்டுரை விடையில் ஒன்பது மதிப்பெண்ணைக் கண்டுபிடிப்பது மிகச் சுலபம். இங்கே ஒன்று, அங்கே இரண்டு. 'கருத்து உண்டு, நடைதான் குறை' என்று என் மனத்துக்கு நானே சொல்லிக்கொண்டேன். 58 அறுபத்தேழு ஆயிற்று. பையன் இரண்டாம் இடம். தோட்டத்துப் பிள்ளை மூன்று மதிப்பெண்ணில் மூன்றாம் இடம்.

என்னை எந்தச் சட்டமும் பயமுறுத்தவில்லை. போலீஸ் வரவில்லை. ஒரு கோப்பை டீ.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பிள்ளையின் தகப்பனார் வந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை போலும். வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே வாங்க ஐயா என்று இரண்டு தடவை சொன்ன பிறகுதான் வந்தார்.

"பாப்பாவுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்தீங்க, சார். வீட்டுல ஓயாம உங்க பேச்சுத்தான். அடுத்த வருஷம் வரமாட்டா. பட்டணத்துல பேக்டரியில ஆள் எடுக்கிறாங்க. சின்னவனுங்க ரெண்டு பேரு இருக்கானுங்க."

நான் தலையாட்டினேன்.

"எத்தனை மார்க்குல சார் போச்சு?"

"மூணு மார்க்கு, ஐயா."

"மூணுதானா?" என்றார். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் முயற்சி பண்ணியிருக்கலாம், பாருங்க. கழுதை!" என்று மகளைத் திட்டிவிட்டு, எனக்குக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தப் பழத்தை நான் தின்னவில்லை. அறையில் இருந்தவர்கள் தின்றார்கள்.

என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். மூன்று ஆண்டு கழித்து மறுபடி அதே போல ஒரு வேண்டுகோள் வந்தது. வேறு பையன், அதே டீ. இந்த முறை முடியாது என்றேன். வேலை போகட்டும் என்று தீர்மானித்துத்தான் சொன்னேன். மனைவியிடமும் சொல்லிவிட்டே போனேன். தலைவர் "சரி" என்றார். பேப்பரை எடுத்து மேசைக்குள் வைத்தார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை! அதற்குப் பிறகு பதினெட்டு ஆண்டுகள் அதே கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். 1987-இலும் 'முடியாது' என்று சொல்லியிருந்தால் ஒருவேளை ஒன்றும் நடந்திருக்காது. எனக்குத் தூக்கம் வராத இரவுகளில் வருவது இந்த ஒரு நினைப்புத்தான்.

பெற்றோர்களே, உங்களிடமும் ஒரு வார்த்தை. கோபித்துக்கொள்ளாதீர்கள். "எங்க புள்ளைக்கும் கொஞ்சம் பாத்துப் போடுங்க, சார்" என்று எத்தனை பேர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்! நிர்வாகத்தார் டீ கொடுத்துக் கேட்டதும், நீங்கள் தீபாவளி முறுக்கோடு வந்து கேட்டதும் ஒன்றுதான். உங்கள் பிள்ளைக்குக் கூட்டிப் போட்டால் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்குக் குறையும். அந்த வீடும் பெரும்பாலும் உங்கள் லயம் மாதிரி ஒரு லயத்தில்தான் இருக்கும். கேட்க வேண்டியது வேறு. விடைத்தாளைக் காட்டுங்கள், எங்கே குறைந்தது என்று சொல்லுங்கள் என்று கேளுங்கள். மறுபரிசீலனைக்கு என்ன வழி என்று கேளுங்கள். அன்று அந்தத் தகப்பனார் 'பேப்பரைப் பார்க்கலாமா, சார்' என்று கேட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? கேட்கலாம் என்றே அவருக்குத் தெரியாது. அது தெரியாததால்தான் நான் தப்பித்தேன்.

மறு ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தத் தோட்டத்துக்குப் போனேன். என்ன சொல்லப் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. அவர்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டதாக லயத்தில் சொன்னார்கள். பிறகு அந்தத் தோட்டமே துண்டு துண்டாகி வீடமைப்பாகிவிட்டது.

ஈராண்டுக்கு முன் அரசாங்க மருத்துவமனையில் இரத்த அழுத்த மாத்திரைக்காக வரிசையில் காத்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அம்மாள் என்னையே பார்த்தார். "சார், நல்லா இருக்கீங்களா? என்னைத் தெரியுதா?" என்றார். விரல்களைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தன. தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றுவிட்டாராம். அப்பா காலமாகிப் பல வருஷம் ஆயிற்றாம். "நீங்க சொன்ன ஜூக்பாக்ஸ் கதையை என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருக்கேன், சார்" என்று சிரித்தார். "அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். அவருடைய எண் வந்துவிட்டது. எழுந்து உள்ளே போனார். நான் மாத்திரை வாங்கிக்கொண்டு, காத்திருக்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் இந்தப் பத்திரிகை வாங்குகிறாரா, தெரியாது. உங்களில் ஒருவராக இருந்து இதைப் படிக்கிறாரென்றால்: அம்மா, நீங்கள் மூன்று மார்க்குப் பின்னால் இருக்கவில்லை. ஆறு மார்க்கு முன்னால் இருந்தீர்கள்.